ரதி அன்ரிக்கு டென்மார்க் படிப்பித்தது

பெரியவர்களுக்குப் படிப்பிக்கிற தொழிலில் உள்ள பெரிய வில்லங்கம், வீட்டுப்பாடம் செய்யாவிட்டால் அவர்களின் அம்மாவைக் கூப்பிட முடியாது என்பதுதான். அனுபவப்பட்டவர்களுக்கு இது விளங்கும்.

எனக்குப் பதினேழு வயது. எஸ்பியர்க் நகரில் சனிக்கிழமைகளில், குடியுரிமைச் சோதனை எழுதப்போகும் எங்கட தமிழ் ஆட்களுக்கு டென்மார்க்கின் சரித்திரமும் புவியியலும் சொல்லிக்கொடுக்கிறேன். ஆரைப்போலவும் கதைத்துக் காட்டுவேன் என்பது ஒன்றுதான் என் தகைமை. முதல் வரிசை வாங்கில் இருப்பவர் முதியோர் இல்லத்தில் வேலை செய்யும் ரதி அன்ரி. இரண்டு தரம் பெயில். லண்டன் போய்த் திரும்பினால், விமான நிலையத்தில் புருஷனும் பிள்ளைகளும் டெனிஷ் பாஸ்போட்டோடு ஒரு வரிசையில் விறுவிறென்று போக, அவர் மட்டும் மற்ற வரிசையில் தனியே நிற்பார். இந்த முறை எப்படியும் பாஸ் பண்ணவேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார்.

வேலிச் சண்டை

1864 யுத்தத்தில் டென்மார்க் தெற்குப் பக்கத்துக் காணியைப் பறிகொடுத்தது ஒருவருக்கும் மண்டையில் ஏறவில்லை. வேலிச் சண்டையாக நடித்துக் காட்டினேன். ஜெர்மன்காரனுக்கு எங்கட தமிழ் மன்றத் தலைவரின் கரகரத்த தொண்டை, டென்மார்க்குக்கு என் அப்பாவின் இழுவை: "வேலிக் கதியாலை என்ர காணிக்குள்ள தள்ளி நட்டிட்டாய், பிடுங்கு." பிறகு 1920இல் சனத்திடம் வாக்குக் கேட்டு வடக்குத் துண்டு திரும்பி வந்தது என்றேன். ஊரில் வேலி வழக்கு வைத்திருக்கும் கந்தையா அண்ணை கண்ணாடியைக் கழற்றினார்.

"தம்பி, உந்த வாக்கெடுப்பை எங்கட ஒழுங்கைக்கும் வைக்கேலாதோ?"

ராசாக்களின் டாப்பு

இந்த நாட்டு ராசாக்கள் நூற்றாண்டுக்கணக்காக கிறிஸ்தியான், பிறெடெறிக், கிறிஸ்தியான், பிறெடெறிக் என்று மாறி மாறி வந்தார்கள். பழைய பள்ளிக்கூட அதிபர் மாதிரி வரவு டாப்புக் கூப்பிட்டு, "உள்ளேன் ஐயா" என்பதையும் ஒவ்வொரு குரலில் நானே சொன்னேன். ரதி அன்ரி பெருமூச்சு விட்டார்.

"பிள்ளைக்குப் பேர் வைக்கிறதில மாமியோட சண்டையில்லை. குடுத்துவைச்ச ராசாத்தியள்."

வான்மலை

ஹிம்மல்பியர் என்று ஒரு மேடு. 'வான்மலை' என்று அர்த்தம். நூற்றைம்பது மீற்றர்கூட இல்லை. வானொலி அறிவிப்பாளரின் குரலில், "நாட்டின் அதியுயர்ந்த சிகரம்" என்று பகிடிக்கு அவிழ்த்துவிட்டேன். அதைவிட உயர்ந்த மேடுகள் இருக்கின்றன. ஆனால் ஒருவரும் சிரிக்கவில்லை, எல்லோரும் கொப்பியில் எழுதினார்கள். திருத்துவதற்குள் ரதி அன்ரி பாடப்புத்தகத்தில் இருந்த படத்தைப் பார்த்துச் சொன்னதில் எனக்குச் சிரிப்பு வந்து, எல்லாம் மறந்துபோனது.

"இதை மலையெண்டு சொன்னவனுக்கு ஆர் சிட்டிசன் குடுத்தது?"

சோதனை

சோதனை நாள் காலையில்தான் அந்தப் பொய் ஞாபகம் வந்தது. சைக்கிளில் பறந்து போனேன். சோதனை மண்டபக் கதவு பூட்டியாயிற்று. அன்ரி வெளியே வந்ததும், "உன்ர மலைக் கேள்வி வந்தது" என்றார். அது பொய் என்று ஒப்புக்கொண்டேன். அவர் பஸ் ஏறிப் போய்விட்டார். கிழமைக்கணக்கில் எனக்குக் குரல் மாற்ற மனம் வரவில்லை.

முடிவு வந்தது. அன்ரி பாஸ். அச்சொட்டாக என் அறிவிப்பாளர் குரலிலேயே போனில் சொன்னார்:

"நீ பொய்க்காரன் எண்டு முதல் கிழமையே தெரியும். அதாலதான் ஒவ்வொரு சனிக்கிழமையும் வீட்டை போய் நீ சொன்னதை முழுப் புத்தகத்தோடயும் சரிபார்த்தனான்."

இப்போது என் வகுப்பில் ஒருவரும் என்னை நம்புவதில்லை, ஒருவரும் பெயிலாவதும் இல்லை.