எல்லாக் கட்டத்திலும் ‘இல்லை’

இறந்துபோன ஒரு மனிதரைப் பொய்யராக்கியவள் நான். அவர் தன் வாயால் என்னிடம் சொன்ன உண்மையை, சொல்லவே இல்லை என்று சாதித்தேன். போலீசிடம் சாதித்தேன், அவருடைய கம்பெனியிடம் சாதித்தேன், கடைசியில் அவர் மனைவியின் முகத்தைப் பார்த்தும் சாதித்தேன். மூன்று வருடங்களுக்கு மேல் ஆகின்றன. இன்றுவரை ஒருவரும் என்னைச் சந்தேகித்ததில்லை.

இதை உங்களிடம் ஏன் சொல்கிறேன்? நீங்கள் என்றாவது எங்கள் இடத்துக்கு வரக்கூடியவர் என்பதால்தான்.

பர்கூருக்கு வெளியே, கல் வெட்டி முடித்துக் கைவிட்ட ஒரு குவாரி இருக்கிறது. அதன் விளிம்பில் குடில்கள் கட்டி, மூங்கில் நட்டு, ‘வெல்னஸ்’ விடுதி என்று பெயர் வைத்தார்கள். சனிக்கிழமையானால் பெங்களூரிலிருந்து ஓசூர் வழியாகக் கார்கள் வரும். மூச்சுப் பயிற்சி, வெண்கல வட்டை அடித்து எழுப்பும் நாதம், வரகுக் கஞ்சி, எல்லாவற்றுக்கும் மேலாக ஐஸ் குளியல். நான்கு மரத்தொட்டிகள். ஐஸ் கிருஷ்ணகிரியிலிருந்து மினி வேனில் பாளம் பாளமாக வரும். சாக்கில் சுற்றிச் சம்மட்டியால் உடைப்போம். விருந்தினர் அதைப் பார்க்கக் கூடாது என்பது விதி.

அங்கே வரவேற்பு என் பொறுப்பு. வருகிறவர்கள் ஓர் உடல்நலப் படிவம் நிரப்ப வேண்டும். இதய நோய் உண்டா, ரத்த அழுத்தம் உண்டா, வலிப்பு உண்டா என்று வரிசையாகக் கேள்விகள், எல்லாம் ஆங்கிலத்தில். தொலைதூரம் வந்த களைப்பில் யாருக்கு அதற்குப் பொறுமை? முகம் சுளிப்பார்கள். அதனால் நானே ஒரு வழி கண்டுபிடித்தேன். ஆட்கள் வருவதற்கு முன்பே எல்லாக் கட்டத்திலும் ‘இல்லை’ என்று டிக் அடித்து வைத்துவிடுவேன். அவர்கள் கையெழுத்து மட்டும் போட்டால் போதும். விருந்தினருக்குச் சிரமம் வைக்காத பெண் என்று முதலாளி எல்லோர் முன்னிலையிலும் பாராட்டினார். பெருமையாகத்தான் இருந்தது.

போச்சம்பள்ளியில் ஒரு தொழிற்சாலை, அந்த வருடம் விடுப்பே எடுக்காத தொழிலாளிகளுக்குப் பரிசாக எங்கள் விடுதியில் ஒருநாள் ஏற்பாடு செய்தது. கம்பெனி பேருந்தில் நாற்பது பேர் வந்து இறங்கினார்கள். சட்டையைக் கழற்றவே வெட்கப்பட்டு ஒருவரை ஒருவர் கிண்டல் செய்துகொண்டிருந்தார்கள். “ஐஸ்ல வைக்கறதுக்கு நாம என்ன மீனா?” என்றார் ஒருவர். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

பயிற்சியாளர் மைக்கைப் பிடித்து, உங்கள் உடம்பிடம் எதையும் மறைக்காதீர்கள் என்று உருக்கமாகப் பேசினார். தினம் பேசுகிற பேச்சுதான், எனக்கு மனப்பாடம். ஆனால் அதை நம்பிய ஒருவர் அந்தக் கூட்டத்தில் இருந்தார். தங்கப்பாண்டி. விருதுநகர்ப் பக்கத்துக்காரர், ஐம்பதை நெருங்கும் வயது, காண்டிராக்ட் ஆள். கையெழுத்துப் போடப் பேனாவை எடுத்தவர் என் மேசையருகே குனிந்து, தணிந்த குரலில் பேசினார்.

“தங்கச்சி, போன வருசம் எனக்கு நெஞ்சுல அடைப்பு எடுத்து ஸ்டென்ட் வச்சிருக்காக. கம்பெனிக்குத் தெரியாது. ஆனா இங்கன சொல்லிரணும்ல? இதுல எங்கன எழுதணும்?”

எழுதும் இடம் எனக்குத் தெரியும். முதல் கட்டம். அங்கே நான் முந்தின நாளே ‘இல்லை’ என்று அடித்திருந்தேன். புதுப் படிவம் எடுக்க அலுவலக அறைக்குப் போக வேண்டும். பேருந்து கிளம்பும் நேரத்தைச் சொல்லிக் கம்பெனி அதிகாரி ஏற்கெனவே இரண்டு முறை என்னை முறைத்துவிட்டார்.

“அப்ப நான் ஓரமா உக்காந்துக்கிறட்டுமா?” என்று அவரே கேட்டார்.

அவரே கேட்டார்... இதை நீங்கள் கவனிக்க வேண்டும். தப்பிக்கும் வழியை அந்த மனிதரே எடுத்து என் கையில் கொடுத்தார்.

“ஒண்ணும் ஆவாதுங்ணா. காலை மட்டும் நனைச்சுட்டு எழுந்துருங்க. குரூப் போட்டோவுல நாப்பது பேரும் இருக்கணும்னு சொல்லியிருக்காங்க. கையெழுத்துப் போடுங்ணா.”

அவர் என்னை நம்பிக் கையெழுத்துப் போட்டார்.

தொட்டியில் அவர் காலை வைத்ததும் பயிற்சியாளர் விடவில்லை. அவருக்கென்ன தெரியும்? அவர் கையில் இருந்த படிவத்தில் எல்லாமே ‘இல்லை’. கழுத்துவரை இறங்குங்கள் என்று உற்சாகப்படுத்தினார். சுற்றி நின்றவர்கள் கைதட்டி ஒன்று, இரண்டு என்று எண்ணத் தொடங்கினார்கள். தங்கப்பாண்டி திரும்பி என்னைப் பார்த்தார். வேண்டாம் என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எழுந்திருப்பார். நான் செல்போனில் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தேன். திரையில் தெரிந்த அவர் முகத்துக்குப் புன்னகையோடு கட்டைவிரலை உயர்த்திக் காட்டினேன்.

அவர் இறங்கினார்.

வெளியே வந்து பாறையில் உட்கார்ந்தார். துண்டைப் போர்த்திக்கொண்டு சுக்குக் காபியை வாங்கினார். குடிக்கவில்லை. டம்ளர் முதலில் விழுந்தது, பிறகு அவர் சரிந்தார். கிருஷ்ணகிரி போய்ச் சேருவதற்குள் காரிலேயே உயிர் போய்விட்டது.

பிரேதப் பரிசோதனையில் ஸ்டென்ட் தெரியவந்தது. விசாரிக்க வந்த காவலர் படிவத்தைப் புரட்டிவிட்டு என்னிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். “உங்ககிட்ட எதுவும் சொல்லலையா?” ஒரு நொடிகூட யோசிக்காமல் இல்லை என்றேன். நாக்குக்கு அந்தச் சொல் அவ்வளவு பழகியிருந்தது. கம்பெனி அதிகாரி கேட்டபோதும் அதையே சொன்னேன். முதலாளி பெருமூச்சு விட்டார். இறந்தவர் நோயை மறைத்துவிட்டார் என்று காகிதத்தில் எழுதி முடித்தார்கள்.

இவ்வளவோடு போயிருந்தால் ஒருவேளை பயந்துபோய்ச் செய்துவிட்டேன் என்று சமாதானம் சொல்லிக்கொண்டிருப்பேன்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து அவர் மனைவி மாரியம்மாள் தன் தம்பியோடு விடுதிக்கு வந்தார். அழவில்லை. தொட்டிகளைப் பார்க்க வேண்டும் என்றுகூடக் கேட்கவில்லை. நேராக என் மேசைக்கு வந்தார்.

“எங்க போனாலும் நெஞ்சுல வச்சிருக்கறத முதல்ல சொல்லிரணும்னு எம்புள்ள தலையில அடிச்சுச் சத்தியம் வாங்கியிருந்தேன். காலையில பஸ் ஏறையிலயும் சொல்லி அனுப்புனேன். உன்கிட்ட ஒரு வார்த்தைகூடச் சொல்லலையா தாயி?”

அங்கே போலீஸ் இல்லை, முதலாளி இல்லை. கணவன் தன் சத்தியத்தைக் காப்பாற்றினானா என்று தெரிந்துகொள்ள வந்த ஒரு பெண் மட்டும் நின்றாள். நான் மேசைமேல் இருந்த பூச்சாடியைப் பார்த்துக்கொண்டு, “இல்லைங்கக்கா” என்றேன்.

மாரியம்மாள் தலையை ஆட்டிக்கொண்டார். “எம்புள்ள தலையிலயா பொய்ச்சத்தியம் பண்ணுனாரு...” என்று தம்பியிடம் சொல்லிக்கொண்டே வெளியேறினார்.

ஏன் அப்படிச் செய்தேன்? வேலை போய்விடும் என்ற பயமா? சிறைக்குப் போக வேண்டியிருக்கும் என்ற பயமா? இரண்டும்தான். ஆனால் அடியில் இன்னொன்றும் இருந்தது. நான் அசிங்கப்பட்டுவிடக் கூடாது என்பது. ஒரு செத்த மனிதரின் மானத்தைவிட என் மானம் எனக்குப் பெரிதாக இருந்தது. நினைக்கும்போது என்மீதே அருவருப்பாக இருக்கிறது. நினைக்காத நாள்களும் உண்டு, அதுவும் அருவருப்பாகத்தான் இருக்கிறது.

போன மாம்பழப் பருவத்தில் கிருஷ்ணகிரி பேருந்து நிலையத்தில் மாரியம்மாளைப் பார்த்தேன். மாம்பழக்கூழ் ஆலையில் வேலைக்குப் போகிறாராம். கைகளில் மாம்பால் பட்டு வெந்த தடிப்புகள். நான் விலகிப் போவதற்குள் அவர் என்னை அடையாளம் கண்டுகொண்டார்.

“புள்ள பத்தாவது படிக்கா. அதுக்காவத்தான் ஊருக்குப் போகாம இங்கன கெடக்கேன்” என்றார். பிறகு நான் கேட்காமலேயே சொன்னார். “அவுக படத்துக்கு மூணு வருசமா மாலை போடல தாயி. வீட்டுல மாட்டவும் இல்ல, பெட்டிக்குள்ளதான் கெடக்கு. புள்ள கேட்டா கோவம் வருது எனக்கு. பெத்த புள்ளைய விட அந்த ஐஸ் பெருசாப் போச்சா அந்த மனுசனுக்கு?”

அக்கா, அவர் சொன்னார். சத்தியத்தைக் காப்பாற்றினார். ஓரமாக உட்கார்ந்துகொள்கிறேன் என்றுகூடச் சொன்னார்... இவ்வளவுதான் நான் சொல்ல வேண்டியிருந்தது. என் வாயெல்லாம் அந்த வாக்கியங்கள் நிறைந்திருந்தன. பர்கூர் பேருந்து வந்தது. வருகிறேன் என்று சொல்லிவிட்டு ஏறிக்கொண்டேன்.

இப்போது நான் அந்த விடுதியின் மேலாளர். காகிதப் படிவங்களை ஒழித்துவிட்டோம். எல்லாம் செல்போனில் வந்துவிட்டது. திறந்தவுடனே எல்லாக் கட்டத்திலும் ‘இல்லை’ என்று தானாக விழும்படி அமைத்திருக்கிறார்கள். மாற்றச் சொல்லலாமே என்று கேட்பீர்கள். மாற்றச் சொன்னால் ஏன் என்று கேட்பார்கள். அந்த ஏனுக்குப் பதில் சொல்ல என்னால் இன்னும் முடியவில்லை.

இந்தச் சனிக்கிழமையும் பேருந்து வருகிறது. காலையிலேயே ஐஸ் வந்து இறங்கிவிடும். நீங்களும் ஒருநாள் களைத்துப்போய் வருவீர்கள். நான் சிரித்த முகத்தோடு வரவேற்பேன், துளசி நீர் கொடுப்பேன். உங்கள் நெஞ்சில் ஏதாவது இருந்தால் எழுதிக் கொடுங்கள், நகல் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். என்னிடம் வாயால் மட்டும் சொல்லாதீர்கள்.

தங்கப்பாண்டி வாயால்தான் சொன்னார்.