தோண்டாத முக்கால் மணி நேரம்

பொன்முடியில் மண்சரிவு என்றதும் திருவனந்தபுரத்திலிருந்து எங்கள் மருத்துவக் குழு போனது. தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் குடியிருப்பு முழுதும் மண்ணுக்குள் கிடந்தது.

"சாரே, எம் புருசன் உள்ள தட்டுதாரு, கேளுங்க!" செல்வி என்ற பெண் என் கையைப் பிடித்து இழுத்தாள். காதை வைத்தேன். தட்டும் சத்தம் கேட்டது.

ஜேசிபி தோண்டத் தொடங்கியது. அதற்குள் ஓர் அதிகாரி ஓடிவந்து அதை ஓரங்கட்டச் சொன்னார். பார்வையிட வரும் பெரிய தலைவரின் கார்களுக்கு வழி வேண்டுமாம்! நான் தடுக்கவில்லை. தலைவர் வந்ததும் கேமராக்களுக்கு முன்னால் பணிவாக விளக்கம் வேறு சொன்னேன்.

முக்கால் மணி நேரம் கழித்து மறுபடி காதை வைத்தபோது சத்தம் நின்றிருந்தது.

"நீங்க டாக்டருல்லா சாரே? நிறுத்தாதீங்கன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா கேட்டிருப்பாவளே!" என்று கதறினாள் செல்வி.

அந்த அதிகாரி மீது எனக்கு இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை. என் மீது அதைவிட அதிகம். அவருக்கு அந்தச் சத்தம் கேட்கவில்லை. எனக்குக் கேட்டது.