மொட்டை மரத்தின் நிழல்

மூடிப்போன மைசூர் மைன்ஸ் தங்கச் சுரங்கத்துப் பஸ் ஸ்டாப்பில் ஒரு சுரங்கப் பென்ஷன்காரரைப் பார்த்தேன். தொப்பைக்கு மேல் பெல்ட், கையில் இரும்புப் பூண் போட்ட தடி. மழை பொய்த்து, வெயிலும் வருஷா வருஷம் ஏறியதில் பட்டுப்போன தூங்குமூஞ்சி மரத்தை, சுரங்கத்தில் தலைக்கு மேலிருக்கும் பாறை விழுமா என்று தட்டிப் பார்ப்பதுபோலத் தட்டினார்.

"உள்ள பொக்குனு கேக்குது. தள்ளி நில்லுங்க."

"எப்பவும் நிழலுக்கு இங்கதாங்க நிப்போம்" என்றேன், பஸ்ஸுக்கு நின்ற எங்கள் எல்லாருக்குமாக.

"இலையே இல்ல, இன்னா நிழலு?"

"பாவம், தண்ணியில்லாம செத்துடுச்சி."

"கீழ மைன்ஸ் ஷாஃப்ட் குழி பூரா தண்ணிதான். மரத்துக்குக் கேஜ் லிஃப்ட்ல எறங்கத் தெரியலயே!"

அவர் வெட்டவெளியில் போய் நின்றார். அறிவாளிகளான நாங்கள் மரத்தடியை விடவில்லை. இரண்டு பக்கமும் ஒரே வெயில்தான். பஸ் வரும்வரை அவர் எங்களைப் பார்க்கவேயில்லை. எங்கள் தலைக்கு மேலிருந்த கிளையையே பார்த்துக்கொண்டிருந்தார்.