ஆறு அடியும் ஆறு மீட்டரும்

மஸ்கெலியா பஸ்ஸில் டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தபடியே கண்டக்டர் சொன்னார்: "ஒங்க ஸ்டூடியோ காதர் நானா விடியக்காலையில மௌத்தாயிட்டாருங்க." 'நானா' என்று அண்ணனாக அழைத்தவரின் சாவைக் கேட்டதும் அடுத்த நிறுத்தத்திலேயே இறங்கித் திரும்பிவிட்டேன். ஹட்டனில் அவர் முன் உட்கார்ந்து படம் எடுத்துக்கொண்ட உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். அவரைப் பற்றி நீங்கள் நம்புகிற ஒரு விஷயம் பொய்.

இலங்கைப் பிரஜாவுரிமை விண்ணப்பங்களுக்குப் படம் எடுக்கத் தேயிலைத் தோட்டம் தோட்டமாக நாங்கள் அலைந்த காலம் அது. தொழிலாளர் குடியிருக்கும் லயத்துச் சுவரில் வெள்ளை வேட்டியைக் கட்டி, முன்னால் முக்காலி போட்டு, ஆறடிக் கயிற்றால் அளந்து நானா கேமராவை நிறுத்துவார். லென்சு வளையத்தை அளந்த தூரத்துக்குத் திருப்பி வைப்பது கூட்டாளியான என் வேலை. மிரண்டுபோய் உட்காரும் பெண்களிடம், "கவுர்மெண்டுக்கு அழுத மூஞ்சியும் வேணாம், சிரிச்ச மூஞ்சியும் வேணாம். ஒங்க மூஞ்சி போதும்" என்பார்.

சீமைக்குத் திரும்பக் கிளம்பிய வெள்ளைக்காரத் துரை ஒருவரிடமிருந்து ஜெர்மன் கேமரா ஒன்று வாங்கினோம். அதில் முதலில் எடுத்தது கொழுந்து பறிக்கும் வீராயியையும் அவளது இரண்டு பிள்ளைகளையும். ஆஸ்பத்திரியில் கிடந்துவிட்டு, விண்ணப்பக் கெடு முடிய மூன்றே நாள் இருக்கும்போது வந்திருந்தாள். ஒரே மூடுபனி, வெளிச்சம் போதவில்லை. லென்சில் துவார எண் சிறுத்தால் துவாரம் பெரிதாகும், வெளிச்சம் கூடும். நானா முழுக்கத் திறந்து வைத்தார். அப்படித் திறந்தால் தூரம் பிசகக் கூடாது. நான் கயிற்றைப் பார்த்து வளையத்தை ஆறில் வைத்தேன். ஓரத்தில் 'எம்' என்று ஒரு பொடி எழுத்து இருந்தது. அடியும் மைலும் தவிர வேறு அளவை அறியாத நான் அதைக் கம்பெனி முத்திரை என்று எண்ணினேன். அது மீட்டரைக் குறித்தது. ஆறு மீட்டர் என்றால் ஏறக்குறைய இருபது அடி.

நானா ஜும்மா தொழுகைக்குப் போயிருந்தபோது நானே கழுவி அச்சிட்டேன். மூன்று முகங்களும் மங்கல். பனிதான் என்று என்னை நானே சமாதானம் செய்துகொண்டு கொடுத்தனுப்பினேன். முகம் அடையாளம் தெரியவில்லை என்று, கெடு கடந்த பிறகு விண்ணப்பம் திரும்பி வந்தது. வீராயியும் பிள்ளைகளும் நாடற்றவர்கள் ஆனார்கள்.

நானா பூதக்கண்ணாடியால் வளையத்தை வெகுநேரம் பார்த்தார். "எண்ணைப் படிச்சிட்டே சுப்பையா. எதோட எண்ணுன்னு கேக்கலியே" என்றார். அவ்வளவுதான். மறுநாள் லயத்துக்குப் போய், எல்லோர் முன்னிலும், "என் கைப்பிழை" என்று சொல்லிவிட்டார். புதுப் படங்களோடு அரசாங்கக் கந்தோர் கந்தோராக ஏறி இறங்கினார். அதிகாரிகள் ஒருவரும் காது கொடுக்கவில்லை. அன்றிலிருந்து உங்களில் பலருக்கு அவர் 'குருட்டு நானா'. அந்தப் பட்டத்தை நீங்கள் சொல்லும்போதெல்லாம் நான் பக்கத்தில்தான் நின்றேன். நினைத்தால் இன்றும் கூசுகிறது.

அடக்கம் முடிந்த மூன்றாம் நாள் வீராயியின் லயத்துக்குப் போய், வளையத்தைத் திருப்பியது என் கைதான் என்று சொன்னேன். அவள் கோபப்படவில்லை.

"வருசா வருசம் பெருநாளைக்கு வந்து, எம் புள்ளைங்க மொகத்தைப் பாத்து மன்னிப்புக் கேட்டுட்டுப் போவாருங்க. அவரு உசுரோட இருக்கையில வந்து இதைச் சொல்லியிருக்கக் கூடாதா?" என்று மட்டும் கேட்டாள்.

நானா போன பின் எனக்கு மிஞ்சியது வீராயியின் அந்தக் கேள்விதான்.