எழுந்து ஓடிய சபை

அரிதாரத்தைத் தேங்காய் எண்ணெய் போட்டுத் துடைக்கும்போதுதான் உடம்பு எவ்வளவு அசந்து போயிருக்கிறது என்று தெரிகிறது. போன சனிக்கிழமை கோலாலம்பூரில் ஒரு நாடகம். எழுதியது நான், போட்டது நான், அப்பா வேடம் நான், கடைசியில் நாற்காலிகளை அடுக்கியதும் நான்தான். முன்வரிசைப் பிரமுகர் இடைவேளையிலேயே கிளம்பிவிட்டார். போகட்டும். எண்ணெயும் பவுடரும் கலந்த வாசனை மூக்கில் ஏறியதும் சரோஜா ஞாபகம் வந்துவிட்டது.

சரோஜா எங்கள் தோட்டத்தில் கொழுந்து எடுத்தவள். பிரிஞ்சாங் என்ற மலையூருக்கு மேலே இருந்தது தோட்டம். எழுபதுகளில் நான் அங்கே ஃபேக்டரியில், இலை வாட்டும் மாடியில் வேலை பார்த்தேன். வேலை நேரம் போக நாடகக் கிறுக்கு. காலித் தேயிலைப் பெட்டிகளை அடுக்கினால் மேடை. வீராவேசமாகக் குதித்தால் ஒரு கால் பெட்டிக்குள் போய்விடும். ராணி வேடமானாலும் பட்டுச்சேலைக்குள் ஸ்வெட்டர் இருக்கும், அப்படிக் குளிர். ஆண்களே பெண் வேடம் கட்டிக்கொண்டிருந்த அந்த மேடைக்கு, "நான் நடிக்கிறேண்ணே. ஆனா அழச் சொல்லாதீங்க, சிரிப்பு வந்துரும்" என்று தானாக வந்து நின்றவள் சரோஜா. சொன்ன மாதிரியே ஒத்திகை முழுக்கச் சிரித்தாள்.

கோலாலம்பூரில் சொந்தமாக நாடகக் குழு நடத்திய ஒருவர் எங்கள் நாடகத்தைப் பார்க்க வருவதாகச் சொல்லியிருந்தார். பிடித்தால் தலைநகரில் மேடையேற்றுவார். ஃபேக்டரி மாடியிலிருந்து தப்பிக்க எனக்கு வேறு வழி தெரியவில்லை. ஞாயிறு மதியம் வந்தார். சாயங்காலம் கீழே தானா ராத்தா டவுனில் கடைசி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும் என்று வந்ததுமே சொல்லிவிட்டார்.

கதை, வேலைக்குப் போக மறுக்கும் தோட்டத்து ஜனங்களைப் பற்றியது. காலையில் ஆளெடுக்கும் பெரட்டுக்கு மணி அடிக்கும். ஒருவரும் வீட்டை விட்டு வெளியே வரமாட்டார்கள். அதுதான் உச்சக் காட்சி. எங்கள் தோட்டத்து மணி, மரத்தில் தொங்கவிட்ட ஒரு தண்டவாளத் துண்டு. ஒத்திகையில் தாம்பாளத்தைத் தட்டினோம், கல்யாண வீடு மாதிரி இருந்தது. எனக்கு நிஜச் சத்தம் வேண்டும். பெரிய மேதை இல்லையா! தோட்டத்து ஆபீஸ் கணக்கரான பெரிய கிராணியிடம் கெஞ்சி, அன்று காலையில் தண்டவாளத்தையே கழற்றி வந்து திரைக்குப் பின்னால் கட்டினேன்.

பெரட்டு நேரம் தவிர வேறு எப்போது அந்த மணி அடித்தாலும் ஒரே அர்த்தம்தான்: ஃபேக்டரியில் தீ, இல்லாவிட்டால் மண் சரிந்திருக்கிறது. அது எனக்கும் தெரியும். நாடக வெறியில் தோன்றவே இல்லை. உச்சக் காட்சி வந்தது.

ஓங்கி அடித்தேன். தோட்டத்து மண்டபம் அப்படியே எழுந்தது.

"ஐயோ, ஃபேக்டரி!"

"பிள்ளைங்கள தூக்குடி!"

வெளியே ஒரே பனிமூட்டம். புகையா பனியா என்று யாருக்குத் தெரியும்? மேடையில் இருந்த சரோஜாவுக்கும் நாடகம் மறந்துவிட்டது. "அண்ணே, வாளி எடுங்க!" என்று சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடினாள். அடித்தவன் நான், நானே ரெண்டு எட்டு ஓடிவிட்டுத்தான் நின்றேன்.

மண்டபத்தில் மிஞ்சியது கோலாலம்பூரிலிருந்து வந்த அந்தப் பெரியவரும் நானும்.

"என்ன தம்பி, எல்லாரும் எழுந்து போயிட்டாங்க? நாடகம் அவ்வளவு மோசமா?"

விளக்கினேன். தலையை ஆட்டியபடியே கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "ஆளுங்கள உட்கார வைக்கத் தெரியணும் தம்பி. அதான் நாடகம்." குடையை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போய்விட்டார்.

கொஞ்ச நேரத்தில், தீ எதுவும் இல்லையென்று பார்த்துவிட்டு ஜனம் பனியில் நனைந்துபோய்த் திரும்பி வந்தது. "அட பாவி மனுசா, உசிரே போச்சு லா!" என்று என்னைத் திட்டிவிட்டு, சிரித்துக்கொண்டே பழைய இடத்தில் உட்கார்ந்தது.

"அவரு எங்கண்ணே?" என்றாள் சரோஜா.

"போய்ட்டாரு."

அவள் முகம் வாடிவிட்டது. "சரி விடுங்க. நம்ம ஆளுங்க வந்துட்டாங்கல்ல, விட்ட எடத்துலேருந்து போடுவோம்." அன்று அழ வேண்டிய இடத்தில் அழுதாள். சந்தோஷப்பட எனக்குத்தான் தெம்பில்லை.

எண்பதுகளில் ஒரு பையோடு கோலாலம்பூருக்கு நானே இறங்கி வந்தேன். பட்டினி கிடந்து குழு சேர்த்து, அதே நாடகத்தைப் பெரிய அரங்கில் போட்டேன். பழைய இரும்புக் கடையில் தண்டவாளம் வாங்கி, அதே மாதிரி ஓங்கி அடித்தேன். ஒருவர்கூட அசையவில்லை. ரொம்ப அமைதியாக ரசித்தார்கள், முடிந்ததும் கைதட்டினார்கள். எனக்கு அழுகை வந்துவிட்டது.

அன்றிலிருந்து ஆட்களை உட்கார வைத்துக்கொண்டேதான் இருக்கிறேன். அலுத்துவிட்டது, நண்பரே. போன வருஷம் தோட்டத்துக்குப் போய்ப் பார்த்தேன். நாங்கள் குடியிருந்த லயத்து வீடுகளில் இப்போது வங்காளதேசத்துப் பையன்கள் இருக்கிறார்கள். நல்ல பிள்ளைகள், உட்கார வைத்துத் தேநீர் கொடுத்தார்கள். சரோஜா எங்கே என்று கேட்கத்தான் ஆள் இல்லை. நான் எழுதியதை நிஜமென்று நம்பி வாளியோடு ஓடிய ஜனம் அது ஒன்றுதான். அதில் ஒருவரைக்கூட இப்போது என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை.