மூக்குக்கு முன்னால் நாலு விரல்

போன வாரம் அக்கா மகள், தன் நாய் பந்தை விரட்டி ஓடும் படமொன்றைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டாள். பத்து நிமிடத்தில் கட்டைவிரலும் இதயமுமாக வந்து குவிந்தன. நான் மட்டும், "மூக்குக்கு முன்னால் நாலு விரல் இடம் விட்டிருக்கலாம்" என்று எழுதினேன். அக்கா தனியாகக் கூப்பிட்டாள். "கொழந்த ஆசையா போட்டுகீது, ஒனக்கு இன்னா வந்துச்சி?" குழந்தைக்கு இருபத்திரண்டு வயது.

எனக்கு ஒன்றும் வரவில்லை. படத்தைப் பார்த்ததும் ஈயம் பற்றவைக்கும் வாசனை அடித்தது, அவ்வளவுதான்.

அது ஆரணியில் பாஷா பாயின் ரேடியோ ரிப்பேர் கடை வாசனை. தொண்ணூறுகளின் கடைசியில் நான் அந்த ஊரில் ஒரு போட்டோ ஸ்டுடியோவில் வேலை பார்த்தேன். அதற்கு முன் லாரி கிளீனர், பெங்களூரில் ஓட்டல் சப்ளையர், தெள்ளாரில் கொஞ்ச நாள் சைக்கிள் கடை. ஒன்பதாம் வகுப்போடு படிப்பு நின்றது. நான் எங்கேயும் நிற்கவில்லை. படுக்கை ஸ்டுடியோவின் இருட்டறையில்தான். கெமிக்கல் வாடைக்கு மூட்டைப்பூச்சி அண்டாது என்பது அதிலிருந்த வசதி.

என் முக்கிய வேலை பட்டுப்புடவைகளைப் படம் எடுப்பது. வியாபாரிகள் வெளியூர்க் கடைகளுக்குக் காட்ட ஆல்பம் வைத்திருப்பார்கள். அவர்களுக்கு ஒரே கட்டளை: படத்தின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை புடவைதான் இருக்க வேண்டும். தரை தெரிந்தால், "ஏம்பா, நான் தரையா விக்கிறேன்?" என்று படத்தைத் திருப்பி வீசுவார்கள்.

ஆசைக்குப் படம் எடுக்கிறவர்கள் எனக்குத் தெரிந்து ஊரில் மூன்று பேர். புறா வளர்த்த பாஷா பாய் புறாக்களை எடுப்பார். அரசு ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கும் வசந்தாக்கா அங்கே மரத்துக்கு வரும் குரங்குகளை எடுப்பார். நான் ஓடுகிற எதையும் எடுப்பேன். மூவரின் பிலிம் ரோலையும் நான் பஸ்ஸில் வேலூர் கொண்டுபோய்க் கலர் பிரிண்ட் போட்டு வருவேன். ஞாயிறு மதியம் பாஷா பாய் கடையில் கூடுவோம். ஒருவர் படத்தை மற்ற இருவரும் பார்த்து, குறையைப் பின்பக்கத்தில் பென்சிலால் எழுத வேண்டும். பாராட்டு எழுதக் கூடாது. இருவரும் எழுதி முடிக்கும்வரை எடுத்தவர் வாயைத் திறக்கக் கூடாது. வாய் திறந்தால் டீ அவர் செலவு. டீயெல்லாம் பெரும்பாலும் பாஷா பாய்தான் வாங்கினார்.

அவருடைய படமொன்றின் முதுகில் நான் எழுதியது நினைவிருக்கிறது: "மொட்டை மாடி அருமை. புறா எங்கே?" பதிலுக்கு அவர் என் படங்களை விட்டுவைக்கவில்லை.

பொங்கலை ஒட்டி அந்தப் பக்கத்துக் கிராமங்களில் காளை விடுவார்கள். இருபுறமும் சவுக்குக் கட்டை கட்டிய தெருவில் காளைகளை ஒவ்வொன்றாக விடுவார்கள். வேகமாகக் கடக்கிற காளைக்குப் பரிசு. முதல் வருடம் எடுத்துவந்த படங்களின் பின்னால் வசந்தாக்கா எழுதினார்: "மாடா, புகையா?" இரண்டாம் வருடம் ஷட்டர் வேகத்தை ஏற்றிக் காளைகளை அப்படியே நிறுத்திப் பிடித்தேன். பெருமையாக நீட்டினேன். பாஷா பாய் எழுதினார்: "செவுத்துல முட்டிகினு நிக்குது. எப்டி ஓடும்?"

எல்லாப் படத்திலும் காளையின் மூக்கு ஓரத்தைத் தொட்டுக்கொண்டிருந்தது. எனக்குக் கோபம். "மாடு முழுசா கீதுல்ல பாய்?" என்றேன். டீ என் செலவு.

காரணத்தைக் கண்டுபிடித்தது வசந்தாக்கா. ஒருநாள் ஸ்டுடியோவுக்கு வந்தவர் நான் புடவை எடுப்பதைப் பார்த்துக்கொண்டே நின்றார். ஓரத்துக்கு ஓரம் நான் துணியை நிரப்புவதைப் பார்த்துச் சிரிக்கத் தொடங்கினார். "அடப்பாவி, மாட்டையும் புடவ மாதிரியே எடுத்துகினு கீறியே! அதுக்குப் போறதுக்கு எடம் உடுப்பா."

அந்த வருடம்தான் முனுசாமி என்னைத் தேடி வந்தார். கூலி வேலைக்குப் போகிறவர். அவரிடம் ஒரு செவலைக் காளை இருந்தது. அந்த வட்டாரத்தில் பேர்போனது. "நின்னுகினு கீற போட்டோ நாலு கீதுங்க. ஓடறது ஒண்ணுகூட இல்ல" என்றார். "முட்டில வீக்கம். வர பொங்கலோட நிறுத்திடறேன். ஒண்ணே ஒண்ணு எடுத்துக் குடுங்க."

ஒரே ஓட்டம். பதினைந்து விநாடி, அதில் என் முன்னால் கடப்பது இரண்டு மூன்று விநாடி. என் கேமராவில் ஒவ்வொரு படத்துக்கும் ரோலைக் கையால் தள்ள வேண்டும். அதிகம் போனால் இரண்டு படம். தவறினால் அந்த மனிதருக்கு மறுவருடம் கிடையாது.

நான்கு மாதம் ஆற்று மணலில் பயிற்சி செய்தேன். பிலிம் வாங்க முடியாததால் காலிக் கேமராவோடு. ஓடும் நாய், ஆடு, சைக்கிள் எல்லாவற்றுடனும் இடுப்பைத் திருப்பித் திருப்பிக் கேமராவைக் கொண்டுபோவேன். வேகத்தைக் குறைத்து வைத்து, மிருகம் போகும் வேகத்திலேயே நானும் திரும்பினால் முகம் நிற்கும், கால்கள் கலையும் என்பது பாஷா பாய் புறாவிடம் கற்றது. வசந்தாக்கா சொன்னது வேறு: "தெனம் நூறு பேருக்குச் சொல்றேன், நீயும் கேட்டுக்க. மூச்ச இழு. புடி. ஆடாத." மணலில் என்னைப் பார்த்த ஒரு சலவைக்காரர், "தம்பிக்கு ரொம்ப நாளா இப்படியா?" என்று கூட இருந்தவரிடம் விசாரித்தார்.

பொங்கல் வந்தது. செவலை வந்ததும் முதல் படத்தைப் பதற்றத்தில் முன்னதாகவே தட்டிவிட்டேன். வெறும் தெரு. ரோலைத் தள்ளினேன். மூச்சை இழுத்தேன். பிடித்தேன். அதனுடன் திரும்பினேன்.

அடுத்த ஞாயிறு முனுசாமியும் கடைக்கு வந்திருந்தார். இரண்டாவது படத்தில் செவலையின் கண் தெளிவாக இருந்தது. கால்கள் நீர்போல் கலைந்திருந்தன. கூட்டம் வண்ணக் கோடுகளாக இழுபட்டிருந்தது. மூக்குக்கு முன்னால் நாலு விரல் அகலத்துக்குக் காலித் தெரு. வசந்தாக்கா வெகுநேரம் பார்த்தார். பிறகு திருப்பி எழுதினார்: "வால் எங்கே?"

உண்மைதான். முன்னால் இடம் விட்ட ஜோரில் வாலை வெட்டிவிட்டிருந்தேன். எனக்கு முகம் சுருங்கிவிட்டது.

முனுசாமி படத்தை வாங்கி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "வால் போனா போவுதுங்க" என்றார். "முன்னாடி பாருங்க, இன்னும் ஓடறதுக்கு எடம் கீது."

பாஷா பாய்தான், "ஜல்தி போய் டீ சொல்லுப்பா, நம்ம கணக்குல" என்றார்.

படத்தைச் சட்டம் போட்டுத் தருகிறேன் என்றேன். முனுசாமி ஒப்புக்கொள்ளவில்லை, சட்டம் போட்டால் பின்னால் எழுதியிருப்பது மறைந்துவிடுமாம்.

அந்தக் கடை இருந்த இடத்தில் இப்போது செல்போன் உறைகள் தொங்குகின்றன. வசந்தாக்கா மாற்றலாகிப் போனார். வேலூரில் நான் வரிசையில் நின்ற பிரிண்ட் கடையும் இல்லை. நானும் அதன்பின் நாலைந்து ஊர் மாறிவிட்டேன். கேமராவை மட்டும் விடவில்லை.

நேற்று அக்கா மகள் எனக்கு மட்டும் இன்னொரு படம் அனுப்பினாள். அதே நாய், அதே பந்து. மூக்குக்கு முன்னால் தாராளமாக இடம். கீழே, "இப்ப ஓகேவா மாமா?" வால் வெட்டுப்பட்டிருந்தது.

எனக்குச் சிரிப்பு வந்தது. எழுத வேண்டியதை எழுதலாமென்று சட்டைப்பையில் பேனாவைத் தேடியபடியே போனைத் திருப்பினேன். பின்பக்கம் கறுப்பு உறைதான் இருந்தது.