அம்மா காதில் விழுந்த பதில்

"போனத் தடவுறதுதான் படிப்பாடி?" என்று சித்தப்பா ஒருமுறை என்னைக் கேட்டார். எங்கள் வீட்டில் முதன்முதலாகப் படித்தவள் நான்.

கட்டுமாவடிக் கடற்கரையில் அப்பாவின் காலில் திருக்கை மீனின் விஷ முள் ஏறிவிட்டது. வீட்டுக்குத் தூக்கிவந்ததும் அவர் வலியில் அலற, நான் வழக்கமாகப் புலம்பும் முகநூல் குழுவில் உதவி கேட்டேன். வந்ததெல்லாம் கேலி. ஆத்திரத்தில் அதில் ஒன்றை உரக்க வாசித்துவிட்டேன்: "கரண்டியப் பழுக்கக் காய்ச்சி வைங்க, வலி பறந்துரும்!"

எழுத்தறியாத அம்மா அதை வைத்தியமென்று நம்பி, அடுப்பில் காய்ச்சிய கரண்டியோடு ஓடிவந்தார்.

"ஐயோ, வேணாம்மா!"

"நீதான ஆத்தா படிச்ச?"

கையைப் பிடித்துத் தடுத்து, 108-ஐ அழைத்தேன். அப்பா பிழைத்தார்.

இப்போது அவசரமென்றால் முதலில் ஆம்புலன்ஸைத்தான் அழைக்கிறேன். நேற்று அதே குழுவில் ஒரு பெண், மகனைத் தேள் கொட்டியதாகக் கதறியிருந்தார். கேலி தொடங்குமுன் எழுதினேன்: "108-ஐக் கூப்பிடுங்க அக்கா. இங்கிட்டு எதையும் வாசிக்காதீங்க."